தாளின் பின்பக்கம்

என் மேசை இழுப்பறையில் இப்போது 41 வானங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு, 24க்கு 30 சென்டிமீட்டர். தாளில் எண்ணெய் வண்ணம். மரம் கிடையாது, வீடு கிடையாது, பலவற்றில் அடிவானக் கோடுகூட இல்லை. முன்பக்கத்தைப் பார்த்தால் சுமாரான வேலைதான், அதில் எனக்கே சந்தேகமில்லை. பின்பக்கத்தில் பென்சிலால் தேதி, நேரம், காற்று வந்த திசை எல்லாம் எழுதியிருக்கிறேன். இந்தப் பழக்கம் 200 வருடத்துக்கு முந்தைய ஓர் ஆங்கிலேயரிடமிருந்து தொற்றிக்கொண்டது. பெயர் ஜான் கான்ஸ்டபிள். (போலீஸ்காரர் இல்லை. ஓவியர். இந்தப் பெயரைச் சொன்னாலே அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்.)

எனக்குப் பகலெல்லாம் கணக்கு எழுதுகிற வேலை. வாரக் கடைசியில் இயற்கைக் காட்சிகள் வரைவேன். பதினாறு வருடமாக வரைகிறேன் என்றாலும் வானம் மட்டும் வசப்படவே இல்லை. உண்மையைச் சொன்னால், அதற்கு நான் முயன்றதே இல்லை. முதலில் நீலத்தை மேலிருந்து கீழே இழுத்துவிடுவேன். ஈரம் காயுமுன் துணியால் நாலு இடத்தில் ஒற்றி எடுப்பேன், மேகம் ஆயிற்று. அப்புறம்தான் 'படம்' தொடங்கும். கான்ஸ்டபிளுக்கும் அப்படித்தான் புத்தி சொன்னார்களாம், வானத்தைப் பொருட்களுக்குப் பின்னால் விரித்த வெள்ளைத் துணியாக வைத்துக்கொள் என்று. 1821 அக்டோபரில் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிட்டு, அது சரிப்படாது என்கிறார். நிலக்காட்சியில் வானம்தான் சுருதி, மற்றதை அளந்து பார்க்கும் அளவுகோலும் அதுதான், உணர்ச்சியைச் சுமப்பதும் அதுதான் என்பது அவர் கட்சி. அந்த வருடம் நிறைய 'வானமடித்தேன்' என்றும் எழுதுகிறார். வானம் என்ற சொல்லையே வினைச்சொல்லாக்கிவிட்டார் மனிதர்.

என்னைப் பிடித்து இழுத்தது இந்தக் கடிதம் இல்லை. ஒரு தாளின் பின்பக்கம்.

லண்டன் ராயல் அகாடமி என்ற ஓவியர் கழகத்தின் சேகரிப்பில் அவருடைய சின்ன மேகப் படம் ஒன்று இருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு மரம் தலைகாட்டும், மற்றதெல்லாம் வானம். அதில் அவர் எழுதிவைத்த குறிப்பைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: ஹாம்ஸ்டெட், 1821 செப்டம்பர் 11. காலை 10 முதல் 11 வரை, சூரியனுக்குக் கீழே. வெதுவெதுப்பான பின்னணியில் வெள்ளிச் சாம்பல் மேகங்கள். புழுக்கம். தென்மேற்கில் லேசான காற்று. நாள் முழுக்க நன்றாக இருந்தது, ஆனால் அன்று இரவு மழை.

கணக்கு எழுதுகிறவர்களுக்குக் கடைசி வரி உடனே கண்ணில் படும். பதினொரு மணிக்குப் படத்தை முடித்தவருக்கு இரவு மழை பெய்தது எப்படித் தெரியும்? அது மறுநாள் போட்ட பதிவு. படம் முடிந்து, வண்ணம் பாதி காய்ந்து, ஓர் இரவு கழிந்த பிறகு, அந்தத் தாளைத் தேடி எடுத்து, திருப்பி, 'மழை பெய்தது' என்று சேர்த்திருக்கிறார். அந்த மேகத்தின் கணக்கு அப்போதுதான் நேரானது. ஓர் ஓவியருக்கு இது எதற்கு? அழகான மேகம் கிடைத்தது, வரைந்தாயிற்று, அது மழையாகப் பெய்தால் என்ன, கலைந்துபோனால் என்ன?

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் அவர் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன். விடை அவர் பிறந்த வீட்டிலேயே இருந்தது.

அதற்கு முன் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இன்ஜின், மோட்டார் பழுது பார்ப்பவர். இப்போது வேலையை விட்டுவிட்டார், கை சும்மா இருக்காது. பல வருடங்களுக்கு முன் ஒரு வயல், ஓரத்தில் பம்பு கொட்டகை, உள்ளே எண்ணெய் இன்ஜின் என்று ஒரு படம் வரைந்தேன். கொட்டகையின் நிழல், இன்ஜின் மேல் விழுந்த வெயில் எல்லாம் எனக்கே பிடித்திருந்தன. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு புல்லியும் ஒரே நேர்ல இல்லையே. ஸ்டார்ட் பண்ணினா பெல்ட் பறந்துடும்."

அவ்வளவுதான் விமர்சனம். நிழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்குக் கோபம் வந்தது. வருடங்கள் கழித்து, கான்ஸ்டபிளின் தம்பி ஆப்ரம் சொன்னதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். அண்ணன் வரைந்த மில்லைப் பார்த்தால் அது சுற்றும் என்று தெரிகிறது, மற்ற ஓவியர்கள் வரைகிற மில் எல்லா நேரமும் அப்படி இருப்பதில்லை என்றாராம் ஆப்ரம். குடும்பத்தின் மில்களை எடுத்து நடத்தியவர் அவர். மில் நடத்துகிறவர் கொடுத்த சான்றிதழ் அது.

கான்ஸ்டபிள் 1776 ஜூன் 11 அன்று இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஸ்டூர் ஆற்றை ஒட்டிய ஈஸ்ட் பெர்கோல்ட் கிராமத்தில் பிறந்தார். அப்பா கோல்டிங் தானிய வியாபாரி. ஆற்றில் ஃபிளாட்ஃபோர்டு நீராலை அவர்களுடையது, டெடமிலும் ஆலை இருந்தது. வசதியான குடும்பம். மூத்த மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு, அதனால் அடுத்தவரான ஜான்தான் தொழிலை ஏற்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பள்ளி முடித்ததும் ஆலைக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் வேலை பார்த்தார். ஊருக்கு மேலே அவர்களுக்கு ஒரு காற்றாலையும் இருந்தது. அதன் மரத்தில் தன் பெயரையும் 1792 என்ற வருடத்தையும் செதுக்கி, பக்கத்தில் ஒரு காற்றாலைப் படத்தையும் கீறிவைத்தார். பதினாறு வயது.

காற்றாலை வேலையை நாம் சாதாரணமாக நினைத்துவிடுவோம். காற்று வந்தது, இறக்கை சுற்றியது, மாவு விழுந்தது என்று. அந்தக் கால மர ஆலையில் காற்று வரும் பக்கமாக இறக்கைகளைத் திருப்பி நிறுத்துவது ஆள் பார்க்கிற வேலை. காற்று வலுத்தால் இறக்கைகளில் கட்டிய பாய்த்துணியைச் சுருக்க வேண்டும். திடீரென்று காற்று திசைமாறிப் பின்னாலிருந்து தாக்கினால் ஆலையே சேதமாகிவிடும். ஆகவே ஆலைக்காரனுக்கு வானத்தைப் பார்ப்பது ரசனைக்காக இல்லை. அரை மணி நேரத்தில் என்ன வரப்போகிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. 1830களில் டேவிட் லூகாஸ் என்ற செதுக்கோவியரைக் கொண்டு தன் படங்களை அச்சுப் படங்களாக்கினார் கான்ஸ்டபிள். அதில் 'வசந்தம்' என்ற படத்தில் அந்தக் குடும்பக் காற்றாலை நிற்கும். அதற்கு அவரே எழுதிய விளக்கத்தில், பெரிய மேகங்களுக்குக் கீழே வேகமாக ஓடும் சின்னச் சின்னக் கந்தல் மேகங்களைப் பற்றிச் சொல்கிறார். அவை பூமிக்கு நெருக்கமாக மிதப்பதால் வேறொரு காற்றோட்டத்தில் மாட்டிக்கொள்ளும். காற்றாலைக்காரர்களும் மாலுமிகளும் அவற்றுக்கு 'தூதர்கள்' என்று பெயர் வைத்திருந்தார்கள், அவை வந்தால் மோசமான வானிலை பின்னால் வருகிறது என்று அர்த்தம். இதைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாம் மேகத்தைத் தூது அனுப்பிக் கவிதை எழுதிய பரம்பரை. அங்கே ஆலைக்காரனுக்கு மேகமே தூதனாக வந்து நிற்கிறது, காதல் செய்தி எதுவும் இல்லாமல், 'பாயைச் சுருக்கு' என்று.

இரவு மழை பெய்ததா என்று அவர் திரும்ப வந்து எழுதியதன் காரணம் எனக்கு இங்கேதான் கிடைத்தது. பதினாறு வயதில் மேகத்தைப் பார்த்து ஒரு முடிவெடுத்தால் அது சரியா தவறா என்று சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்தப் பழக்கம் நாற்பத்தைந்து வயதிலும் போகவில்லை.

1799இல் அப்பா ஒருவழியாக விட்டுக்கொடுத்து, ராயல் அகாடமி பள்ளிக்குப் போக அனுமதித்தார். லண்டனில் பழைய ஓவியங்களைப் பிரதியெடுத்துக் கற்றார். 1802இல் ஒரு ராணுவக் கல்லூரியில் ஓவிய ஆசிரியர் வேலை வந்தபோது மறுத்துவிட்டார். அதே வருடம் ஊரிலிருந்த டன்தார்ன் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதினார். இந்த நண்பர் குழாய், கண்ணாடி வேலை செய்பவர், ஓய்வு நேர ஓவியர். சின்ன வயதில் இருவரும் சேர்ந்துதான் வயல்வெளியில் வரையப் போவார்கள். இரண்டு வருடமாகப் படங்களின் பின்னால் ஓடி, உண்மையை இரண்டாம் கையாகத் தேடிக்கொண்டிருந்தேன், இனி ஊருக்கு வந்து நேரில் பார்த்து வரையப் போகிறேன் என்பது கடிதத்தின் சாரம்.

அந்தக் காலத்தில் 'நேரில் பார்த்து' என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. பார்க்கிற பச்சையை அப்படியே வைத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல நிலக்காட்சி என்றால் பழுப்பாக இருக்க வேண்டும். பழைய படங்கள் வார்னிஷ் ஏறி பழுத்துப்போயிருந்தன, அந்தப் பழுப்பையே இலக்கணமாக வைத்துக்கொண்டார்கள். அவரை ஆதரித்த சர் ஜார்ஜ் போமான்ட், படத்தின் மொத்த நிறமும் பழைய வயலின் நிறத்தில் இருக்க வேண்டும் என்றாராம். கான்ஸ்டபிள் பதில் பேசாமல் ஒரு பழைய வயலினை எடுத்துப்போய் வாசல் புல்வெளியில் வைத்தார் என்று அவருடைய ஓவிய நண்பர் எழுதிவைத்திருக்கிறார். புல் எந்த நிறம், வயலின் எந்த நிறம், நீங்களே பாருங்கள்.

பச்சை விஷயத்தில் எனக்கும் ஒரு காயம் உண்டு. ஒரு குழுக் கண்காட்சிக்கு மூன்று படம் கொடுத்தேன். தேர்வு செய்தவர் ஒன்றைத் தள்ளிவைத்து, "பச்சை ரொம்பத் தூக்கலா இருக்கு மேடம்" என்றார். வயலை வேறு என்ன நிறத்தில் போடுவது? கான்ஸ்டபிளுக்கு நடந்தது இதைவிட மோசம். 1830இல் அவர் அகாடமியின் முழு உறுப்பினர், தேர்வுக் குழுவிலேயே உட்கார்ந்திருக்கிறார். சாலிஸ்பரி பக்கத்து ஆற்றோரப் புல்வெளியை வரைந்த அவருடைய படம் தவறிப்போய் வெளியாட்கள் அனுப்பிய படங்களோடு கலந்து குழு முன் வந்துவிட்டது. யார் வரைந்தது என்று தெரியாமல் "அந்த அசிங்கமான பச்சையை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்கள். தெரிந்த பிறகு மன்னிப்புக் கேட்டு ஏற்றுக்கொள்ளத் தயாரானார்கள், இவர்தான் மறுத்துவிட்டார். நான் அந்த மேசையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வாயைத் திறந்திருக்க மாட்டேன், வீட்டுக்கு வந்து அழுதிருப்பேன்.

குடும்பக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனிப் பதிவுக்கான விஷயம். 1809இல் மரியா பிக்னெல் என்ற பெண்ணோடு காதல். பெண்ணின் தாத்தா ஊர்ப் பாதிரியார், பணக்காரர், சம்மதிக்கவில்லை. ஏழு வருடம் கடிதத்திலேயே ஓடியது. 1816இல் கோல்டிங் இறந்து, ஆலை வருமானத்தில் ஜானுக்கு ஒரு பங்கு வந்த பிறகுதான் அக்டோபர் 2 அன்று கல்யாணம். அதற்கு மூன்று வாரம் முன்பு எழுதிய கடிதத்தில்கூடப் பாதியில் நிற்கிற பெரிய படத்தைப் பற்றிப் புலம்பல். ஏழு வருடம் காத்திருந்த பெண்ணுக்கு எழுதுகிற கடிதமா அது? ஆனால் படம் வரைகிறவர்கள் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், இது புதிதில்லை என்று.

மரியாவுக்குக் காசநோய். லண்டன் புகையிலிருந்து தள்ளி, மேட்டில், நல்ல காற்று கிடைக்கும் என்று 1819 முதல் ஹாம்ஸ்டெட்டில் வீடு எடுத்தார்கள். மேடு என்பதால் அங்கே வானம் பெரியது. மேகப் படங்கள் எல்லாம் பிறந்தது அப்படித்தான். மனைவியின் நுரையீரலுக்காகத் தேடிப்போன காற்றை இவர் தாளின் பின்னால் எழுதிவைத்தார்.

1822 அக்டோபரில் ஃபிஷருக்கு எழுதும்போது, கவனமாகச் செய்த வானப் படங்கள் ஐம்பது ஆகிவிட்டன என்கிறார். லூக் ஹோவர்டு என்பவர் 1802இல்தான் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று மேகங்களுக்கு வகைபிரித்துப் பெயர் வைத்திருந்தார். அந்த வகைப்பாட்டை விளக்கும் வானிலை நூல் ஒன்று, ஓரங்களில் கான்ஸ்டபிளின் கையெழுத்துக் குறிப்புகளோடு இன்றும் இருக்கிறது. சில இடங்களில் ஆசிரியரோடு சண்டையும் போடுகிறார்.

அவர் முறை எளிமையானது. மடியில் வண்ணப் பெட்டி. மூடியின் உட்பக்கத்தில் தாளைக் குண்டூசியால் குத்திவைத்துக்கொள்வார். சில படங்களின் மூலையில் ஊசி ஓட்டைகள் இன்றும் தெரிகின்றன. வண்ண டியூப் அப்போது கிடையாது. பிதுக்குகிற தகர டியூபை ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்தது 1841இல், கான்ஸ்டபிள் இறந்து நாலு வருடம் கழித்து. அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தை அடைத்துக் கட்டி வைத்திருப்பார்கள். முள்ளாணியால் குத்திப் பிதுக்கி, பிறகு ஓட்டையை அடைக்க வேண்டும். எனக்கு டியூப் மூடி சிக்கிக்கொண்டாலே பொறுமை போய்விடுகிறது.

சரி, நானும் செய்து பார்ப்போம் என்று போன வருடம் மொட்டை மாடிக்கு ஏறினேன். ஒரு மணி நேரம், ஒரு தாள், வானம் மட்டும்.

முதல் மூன்றும் குப்பை. வெறும் தாளில் போட்டதால் எண்ணெயைத் தாள் குடித்து, ஒவ்வொரு தீற்றலைச் சுற்றியும் மஞ்சள் வளையம் படர்ந்தது. பிறகு அடிப்பூச்சு இரண்டு கை கொடுத்து, அதன் மேல் மெல்லிய செம்பழுப்பு பூசிக் காயவைத்துக்கொண்டேன். கான்ஸ்டபிளும் வெள்ளைத் தாளில் தொடங்கவில்லை, அவருடைய பல சின்னப் படங்களில் தீற்றல்களுக்கு நடுவே அடியிலுள்ள பழுப்போ சிவப்போ எட்டிப் பார்க்கும். இந்த ஒரு மாற்றமே பாதி வேலையைச் செய்தது. வெள்ளைத் தாளில் மேகத்தின் வெளிச்சம் தெரியவே தெரியாது, ஏனென்றால் தாளே அதைவிட வெளிச்சம். செம்பழுப்பின் மேல் ஒரு பொட்டு வெள்ளை வைத்தால் உடனே கூசுகிறது.

அடுத்தது நீலம். அல்ட்ராமரினில் வெள்ளை கலந்தால் பிளாஸ்டிக் வாளி நிறம் வரும். அதில் துளியூண்டு லைட் ரெட் என்ற செம்மண் வண்ணம் சேர்த்தால்தான் வானமாகிறது. உச்சியில் நீலம் ஆழம். கீழே வர வர வெளுத்து, அடிவானத்தருகே லேசாக மஞ்சள் தட்டுகிறது. மேகத்தின் நிழலுக்குக் கறுப்பைத் தொட்டேனோ, தொலைந்தது, அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும். அதே அல்ட்ராமரினும் லைட் ரெட்டும் வேறு அளவில் கலந்தால் சாம்பல் வருகிறது, உயிரோடு.

மேகத்துக்கும் வீட்டுக்கூரைக்கும் உள்ள ஒற்றுமை பத்தாவது தாளில்தான் புரிந்தது. திரள் மேகங்களின் அடிப்பக்கம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் தட்டையாக இருக்கிறது. தலைக்கு மேல் இருப்பதன் அடிவயிற்றை அண்ணாந்து பார்க்கிறோம். தூரப் போகப் போக அடிப்பக்கம் ஒடுங்கி, கடைசியில் கோடுகளாக அடுக்கிக்கொண்டு போகிறது. நீண்ட மண்டபத்தின் உத்தரங்கள் தூரத்தில் நெருங்குவது மாதிரி. பதினாறு வருடமாக நான் போட்ட மேகங்கள் எல்லாம் ஒரே அளவில், சுவரில் ஒட்டிய பஞ்சு.

பெரிய தொல்லை, மேகம் நிற்காது. பன்னிரண்டு நிமிடத்தில் நான் தொடங்கிய மேகம் காணாமல் போயிருக்கும். துரத்திக்கொண்டே இருந்தால் தாளில் நாலு மேகங்களின் கை கால்கள் சேர்ந்த ஒரு பூதம் உருவாகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது என்னவென்றால், அந்த மேகம் போனாலும் அதன் சொந்தக்காரர்கள் பின்னால் வந்துகொண்டிருக்கிறார்கள். அதே காற்று, அதே உயரம், அதே ஜாடை. போனதன் மிச்சத்தை வந்ததைப் பார்த்து முடிக்கலாம். அதற்குக் காற்றின் திசை தெரிந்திருக்க வேண்டும். கொடிக்கயிற்றில் ஒரு ரிப்பனைக் கட்டினேன். பின்பக்கக் குறிப்பு எனக்கு அங்கேதான் தேவையாயிற்று, நாடகத்துக்காக இல்லை.

ஒருநாள் மாலை ரிப்பன் ஒரு பக்கம் பறக்கிறது, மேலே பெரிய மேகம் வேறு பக்கமாக மெதுவாக நகர்கிறது, இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறக் கிழிசல்கள் தடதடவென்று ஓடுகின்றன. 'தூதர்கள்!' என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். இருபது நிமிடத்தில் கொட்டியது. வண்ணத் தட்டைக் காப்பாற்றினேன், கொடியில் காய்ந்த துணிகளை மறந்துவிட்டேன். வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

இவ்வளவு பார்த்த கான்ஸ்டபிளும் எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து போட்டுவிடவில்லை என்பது எனக்கு ஆறுதல். அவருடைய புகழ்பெற்ற 'வைக்கோல் வண்டி' 1821இல் காட்சிக்கு வந்தது. ஆறடி அகலப் படம். ஃபிளாட்ஃபோர்டில் ஆழமில்லாத ஆற்றில் இறங்கிய காலி வண்டி, இடப்பக்கம் வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு, கரையில் ஒரு நாய். எண்பது வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் வாழ்ந்து, மொத்தமாக நாலு நாள்கூட அதைப் பிரிந்து இருந்ததில்லை என்று சொல்லப்பட்டவர் இந்த லாட். படத்தை வரைந்தது லண்டன் வீட்டில், குளிர்காலத்தில். நடுவில் வண்டியின் அமைப்பில் சந்தேகம் வந்துவிட்டது. தம்பி ஆப்ரமுக்கு எழுதினார். ஆப்ரம், டன்தார்னின் மகனை அனுப்பி, குளிரில் நின்று ஒரு வண்டியை அளவாக வரையவைத்து லண்டனுக்கு அனுப்பினார். என் இரண்டு புல்லிகளை நினைத்துக்கொண்டேன். அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அந்தப் படம் லண்டனில் விற்கவில்லை. பிற்பாடு பாரிஸ் வியாபாரி ஒருவர், அதையும் இன்னொரு பெரிய படத்தையும், கூடவே ஒரு சின்னதையும் சேர்த்து 250 பவுண்டுக்கு வாங்கிப்போனார். 1824இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. கான்ஸ்டபிள் போய்ப் பார்க்கவில்லை. வாழ்நாளில் இங்கிலாந்தை விட்டு அவர் வெளியே போனதே இல்லை.

உள்ளூரில் அவர் வானத்துக்கு மரியாதை இல்லை. சாலிஸ்பரி பிஷப் தன் தோட்டத்திலிருந்து தேவாலயம் தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்டார். 1823இல் கொடுத்தார். கோபுரத்துக்கு மேல் ஒரு கருமேகம். பிஷப்புக்கு மேகம் பிடிக்கவில்லை, தெளிந்த வானம் வேண்டும் என்றார். பிறகு வெளிச்சமான வானத்தோடு வேறு பிரதி போட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. கடன்காரன் வாசலில் நிற்கும்போது கொள்கை பேச முடியுமா? வீடு நிறையக் குழந்தைகள். அவருக்குத் தன் மேகத்தைவிடப் பெரிய படைப்பு வேறில்லை, ஆனாலும் மாற்றினார்.

1828 ஜனவரியில் ஏழாவது குழந்தை. மார்ச்சில் மரியாவின் அப்பா இறந்து, 20,000 பவுண்டு வந்து சேர்ந்தது. இனி ஆறடி கான்வாஸ் முன்னால் நிம்மதியாக நிற்கலாம் என்று எழுதினார். நவம்பர் 23 அன்று மரியா இறந்தார். நாற்பது வயது. மூன்று மாதம் கழித்து, 1829 பிப்ரவரியில், ஒரே ஓட்டு வித்தியாசத்தில் அகாடமியின் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு 52. அவர் காலத்து இன்னொரு நிலக்காட்சி ஓவியரான டர்னருக்கு அது 1802லேயே கிடைத்துவிட்டது. 1829இல் கான்ஸ்டபிள் காட்சிக்கு வைத்த படம் ஹாட்லி கோட்டை. தேம்ஸ் முகத்துவாரத்துக்கு மேலே இடிந்து நிற்கும் கோபுரம். பதினைந்து வருடத்துக்கு முன், 1814இல், ஒரு பயணத்தில் எடுத்துவைத்த சின்னப் பென்சில் கோட்டுச்சித்திரத்திலிருந்து உருவானது. இதில் வானம் கிழிந்து தொங்குகிறது. இதற்குப் பின்பக்கக் குறிப்பு கிடையாது, காற்று எந்தத் திசை என்று தேடவும் தோன்றாது.

1836இல், இறப்பதற்கு முந்தைய வருடம், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிவியல்காரர்கள் முன் பேசினார். ஓவியம் ஓர் அறிவியல், இயற்கையின் விதிகளைத் தேடுகிற ஆராய்ச்சி, நிலக்காட்சிப் படங்களை அதன் சோதனைகளாக ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டார். கேட்டவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்களோ. எனக்கு இதில் பெரிய தத்துவம் எதுவும் தெரியவில்லை. இரவு மழை பெய்ததா என்று மறுநாள் வந்து எழுதிவைத்தவர் வேறென்ன சொல்வார்?

போன ஞாயிறு, 41ஆவது தாள் காய்ந்ததும் அப்பாவிடம் காட்டினேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அடிப்பக்கங்கள் தட்டையாக வந்திருந்தன, தூரம் தெரிந்தது. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். நெடுநேரம் பார்த்தார்.

"காத்து எந்தப் பக்கமிருந்தும்மா?"

நானும் படத்தைப் பார்த்தேன். இடமா, வலமா? சொல்லத் தெரியவில்லை. தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, "தென்கிழக்கு, மெதுவா" என்று படித்தேன்.

அப்பா கையை நீட்டி வாங்கி, மறுபடி முன்பக்கமாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.